கம்பெனி போச்சு, டைமிங் நிக்கி

தென்காசியில் ஓடிய ஒரு பஸ் கம்பெனியின் பெயர் இந்திய அரசியல் சட்டப் பாடத்தில் இருக்கிறது. சி.எஸ்.எஸ். மோட்டார் சர்வீஸ், தென்காசி. எதிர்க்கட்சி மதராஸ் ராஜ்யம். 1953-ஆம் வருடத் தீர்ப்புத் திரட்டில் வருகிற ஒரு பஸ் தகராறு. சாலை சர்க்காருடையது, அதில் யாரை ஓட்ட விடுவது என்பது சர்க்காரின் இஷ்டம் என்கிற பேச்சுக்கு அந்தத் தீர்ப்பில் இடம் கிடைக்கவில்லை. சாலை சர்க்கார் கையில் இருந்தாலும் அது ஜனங்களுக்காக வைத்துக் காக்கிற தர்மகர்த்தாதான், பஸ் ஓட்டிப் பிழைப்பதும் குடிமகனின் உரிமைதான் என்று எழுதியவர் நீதிபதி டி.எல்.வெங்கடராம அய்யர். தீட்சிதர் கிருதிகளில் கரை கண்டவர், 1944-இல் சங்கீத கலாநிதி வாங்கியவர். மறு வருடமே, 1954-இல், உத்தரப் பிரதேசத்து சாகிர் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தென்காசித் தீர்ப்பை எடுத்து ஆண்டது. டெல்லி பக்கத்துப் பஸ்காரருக்குக் குற்றாலச் சாரலடிக்கிற ஊர்ப் பஸ்காரர் துணைக்குப் போன கதை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்று இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் தேடிப் போனது இந்தக் கம்பெனியை அல்ல. திருநெல்வேலி – பாபநாசம் ரோட்டில் ஓடிய ஒரு பச்சை வண்டிக் கம்பெனியை. பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் என்று போகிற ரோடு. பெயரை எழுத வேண்டாம் என்று முதலாளி குடும்பத்தில் கேட்டுக்கொண்டார்கள். பாகப்பிரிவினை வழக்கு இன்னும் முடியவில்லையாம். அந்த ரோட்டில் அதற்குப் பெயர் தேவைப்பட்டதும் இல்லை. ‘கம்பெனி வண்டி’ என்றால் அதுதான். மற்றவை எல்லாம் முதலாளி பெயரிலோ சாமி பெயரிலோ ஓடின.

பஸ் கம்பெனியின் சரித்திரம் கேட்டு முதலாளி வீட்டுக்குப் போனால் கிடைப்பது முதலாளி புராணம். தாத்தா வில்வண்டியில் போகும்போது மோட்டார் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது, தாத்தாவுக்கு ரோஷம் வந்தது, ஆச்சியின் நகையை விற்று சேஸிஸ் வாங்கியது, பாடி கட்டியது, முதல் நாள் நெல்லையப்பர் கோயில் வாசலில் தேங்காய் உடைத்தது. கேட்டேன். காப்பி நன்றாக இருந்தது. இதே கதையைக் கோவில்பட்டியிலும் திசையன்விளையிலும் வேறு முதலாளிகள் வீட்டில் கேட்டிருக்கிறேன். ஆச்சிமார் நகை விற்காமல் இந்த ஜில்லாவில் ஒரு சக்கரமும் உருளவில்லை போல.

அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படம்தான் எனக்கு உதவியது. ஆயுத பூஜை அன்று எடுத்தது. பானெட்டில் வாழைக்கன்று கட்டி, ஹெட்லைட்டுக்குச் சந்தனம் அப்பி, ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். டிரைவர் காக்கிக் கோட்டும் தலைப்பாகையும். கண்டக்டர் தோளில் தோல்பை. கிளீனர்ப் பையன் மட்கார்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் மட்டும் சிரிக்கிறான். மரப்பாடி. ஜன்னலில் கண்ணாடி கிடையாது, சுருட்டிக் கட்டிய படுதா. படச் சட்டத்தின் கீழே 1935 என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். ஆனால் வண்டி சற்றுத் திரும்பி நிற்பதால் பின்பக்கத்து மூலை தெரிகிறது. அங்கே ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பு உருளை ஒன்று, பக்கத்தில் குழாய். கரி கேஸ் பிளான்ட், பெட்ரோலுக்குப் பதில் கரியில் கிளம்புகிற கேஸால் வண்டியை ஓட்டுகிற சாதனம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது 1941-இல். அதற்குப் பிறகுதான் பஸ்களின் முதுகில் இந்த உருளைகள் ஏறின. அப்படியானால் படம் 1941-க்கு முந்தியதாக இருக்க முடியாது. இதைச் சொன்னதும் வீட்டுப் பெரியவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. “எங்க அப்பா கைப்பட எழுதுனது தம்பி” என்றார். நான் அதற்கு மேல் பேசவில்லை.

கரி வண்டி ஓட்டியவர்கள் யாரும் இப்போது இல்லை. அதில் போனவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கிளீனர் விடியலுக்கு முன்னாலேயே எழுந்து உருளையில் கரியைக் கொட்டிப் பற்ற வைத்து, துருத்தி மாதிரியான விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். கேஸ் கிளம்பிய பிறகுதான் ஸ்டார்ட்டிங் ஹேண்டில். பெட்ரோலில் இழுக்கிற இழுவை கரியில் வராது. ஏற்றத்தில் ஆட்களை இறக்கிவிடுவார்கள். ஆம்பிளைகள் தள்ளுவார்கள், பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பார்கள். டிக்கெட் எடுத்தவன் எதற்குத் தள்ள வேண்டும் என்று கேட்ட ஒரு வீரவநல்லூர்க்காரரைப் பற்றி அந்தப் பக்கம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்த கேஸ் பிளான்டைச் செய்து பரப்பியதில் மதுரை டி.வி.எஸ்.-க்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1877-இல் நம்முடைய திருக்குறுங்குடியில் பிறந்தவர். தமிழ்நாட்டின் ஆகப் பெரிய பஸ் முதலாளி திருநெல்வேலிச் சீமைக்காரர், ஆனால் பஸ் விட்டது வேறு சீமையில். மாட்டு லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் டயரைப் பதம் பார்த்ததால், காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் விட்டு ஆணி பொறுக்கினார்கள் என்பது அந்தக் கம்பெனியைப் பற்றிப் பிரசித்தமான செய்தி. நம் பச்சை வண்டிக் கம்பெனியில் காந்தம் எல்லாம் கிடையாது. கிளீனருக்குக் கண் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் கம்பெனியின் சரித்திரம் என் கைக்கு வரவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு போனால் இரும்புக் கடையில் போய் முடிகிறது. பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கோர்ட்டில். வழியைக் காட்டியது பெரியப்பா. அவர் திருநெல்வேலி ஜங்ஷனில் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தவர். “ஏலே, நீ என்னத்துக்கு வண்டியைத் தேடுத? வண்டி ஏழு வருசத்துல கழிஞ்சிரும். முதலாளி எழுவது வருசத்துல கழிஞ்சிருவாரு. டைமிங் கழியாதுல்லா. ஆறு பத்து வண்டி எங்க போச்சுன்னு பாரு” என்றார்.

ஆறு பத்து என்பது காலை ஆறு பத்துக்கு ஜங்ஷனிலிருந்து பாபநாசம் கிளம்புகிற நடை. அதை ஏன் தேட வேண்டும் என்பது புரிய, டைமிங் என்ற ஒன்று இல்லாத காலத்துக்குப் போக வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைப் பக்கம் ரயில் வந்தது 1902, 1903 வாக்கில். 1904-இல் மலையைக் குடைந்து கொல்லம் வரை போய்விட்டது. அம்பாசமுத்திரம் வரைக்கும் ரோடும் தண்டவாளமும் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில் போகும். மோட்டார் பஸ் வந்ததும் ரயிலுக்குப் போகிறவன் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தான். பஸ் வாசலில் நிற்கும், கையைக் காட்டினால் நிற்கும், மூட்டைக்குத் தனிச் சீட்டு கேட்காது. தேசம் பூராவும் இதே கதையாகிப் போக, ரயில்காரர்கள் அழுத அழுகையில் மிட்செல் – கிர்க்னஸ் அறிக்கை 1933-இல் வந்தது. அதன் வழியாக 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு முன்னால் வண்டி நிரம்பினால் கிளம்பும், நிரம்பாவிட்டால் பக்கத்து வண்டிக்காரன் ஆளை இழுத்துக்கொண்டு போகாமல் காவல் காக்கும். கட்டணத்தைப் பாதியாக்குவது, பாதியாக்கியவனை அடிப்பது, எல்லாம் நடந்தது. 1939-க்குப் பிறகு ரூட், கட்டணம், இத்தனை மணிக்குக் கிளம்பி இத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்பது எல்லாம் பெர்மிட்டில் ஏறியது. அன்றைக்கு நிமிஷம் சொத்தானது.

ஆறு பத்து ஏன் நல்ல நிமிஷம்? பெரியப்பா சொன்ன கணக்கு இது. மதுரைப் பக்கமிருந்து ராத்திரி ரயிலில் வந்து இறங்குகிறவன் முகம் கழுவி ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தால் ஆறு பத்து. அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் ஜோலி உள்ளவன் நிதானமாகப் போய்ச் சேரலாம். அந்த வண்டி பாபநாசம் போய்த் திரும்பும்போது விக்கிரமசிங்கபுரத்தில் மில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கிளம்புகிற ஆள் நிற்பான். ஹார்வி மில் 1880-களிலேயே அங்கே வந்துவிட்டது. தாமிரபரணித் தண்ணீர் விழுகிற வேகத்தில் மில் ஓட்ட வந்தவர்கள். அந்த ரோட்டின் பஸ் முதலாளிகளுக்கு மில் சங்குதான் கடிகாரம். ஆறு பத்துக்கு இந்த மூன்று கூட்டமும் உண்டு. ஆறரைக்கு ஒன்றுதான் மிஞ்சும். இருபது நிமிஷத்தில் ஒரு குடும்பம் பிழைக்கும், ஒரு குடும்பம் கடனாகும்.

பெரியப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் கம்பெனியின் தினசரி கலெக்ஷன் நோட்டு ஒன்று இருந்தது. கெட்டி அட்டை, ஓரம் எலி கடித்தது. எப்படி அவரிடம் வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். இடது பக்கம் நடை வாரியாக வரவு. வலது பக்கம் செலவு: டீசல், டிரைவர் கண்டக்டர் பத்தா, பஞ்சர், கோயில் கொடை, அப்புறம் ‘சில்லரை’ என்று ஒரு வரி. அது மட்டும் தினமும் ஒரே தொகை. போலீஸ் ஸ்டேஷன் எத்தனை தாண்டிப் போக வேண்டும் என்று எண்ணினால் கணக்கு சரியாக வரும் என்றார் பெரியப்பா. கேரியரில் ஏறிய லோடுக்குத் தனிக் குறிப்பு. கல்லிடைக்குறிச்சி அப்பளக் கூடை, சேரன்மகாதேவியில் ஏறிய பத்தமடைப் பாய்க் கட்டு, காருகுறிச்சிப் பானை. பானைக்கு எதிரே பல இடங்களில் ‘உடைவு’ என்று எழுதி, யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் அடித்திருக்கிறார்கள். மில் சம்பள நாளில் இரண்டாம் நடை வரவு தடித்திருக்கும். ஆனி, ஆடியில் பக்கத்துக்குப் பக்கம் ‘சீசன் ஸ்பெஷல், குற்றாலம்’. பாபநாசம் ரோட்டு வண்டிக்குக் குற்றாலத்தில் என்ன வேலை? தற்காலிகப் பெர்மிட் வாங்கி ஸ்பேர் வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது. சாரல் நன்றாக விழுந்த வருடம் நோட்டிலேயே தெரிகிறது. மழை அளவைப் பார்க்கிறவர்கள் பஸ் கணக்கையும் பார்க்கலாம்.

ஒரு பக்கத்தின் ஓரத்தில் பெரியப்பா கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘6.13. எதிர்த்தார் தகராறு.’ மூன்று நிமிஷம் லேட்டாக எடுத்ததற்கு அடுத்த வண்டிக்காரர்கள் வந்து மேஜையைத் தட்டியிருக்கிறார்கள். மூன்று நிமிஷத்தில் டவுனில் நிற்கிற கூட்டம் முழுவதும் முன்னால் போகிறவனுக்கு. பின்னால் வருகிறவன் காற்றை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். “நான் அன்னைக்கு வாங்குன ஏச்சுக்கு இன்னும் காது கூசுது” என்று பெரியப்பா சந்தோஷமாகச் சொன்னார்.

அதற்கு அப்புறம் நான் போனது தீர்ப்புத் திரட்டுகளுக்கு. ஐம்பது, அறுபதுகளின் சென்னை உயர் நீதிமன்றத் தொகுதிகளில் பஸ் பெர்மிட் வழக்குகள் கொட்டிக் கிடக்கின்றன. எந்த ரூட், யார் மனுப் போட்டார், யார் ஆட்சேபித்தார், எத்தனை வண்டி வைத்திருக்கிறார் எல்லாம் இருக்கும். நம் முதலாளிகள் கோயில் கொடைக்கு அடுத்தபடியாகக் காசு கொடுத்தது வக்கீலுக்குத்தான். அங்கேதான் தென்காசிக் கம்பெனி கண்ணில் பட்டது. 1956-இல் வந்த 1298-ஆம் நம்பர் அரசாணையும் அங்கேதான் புரிந்தது. பெர்மிட் கேட்டு வருகிறவர்களுக்குப் பரீட்சை மாதிரி மார்க் போடச் சொன்ன ஆணை அது. ரூட்டில் குடியிருந்தால் மார்க், ஒர்க்‌ஷாப் இருந்தால் மார்க், அனுபவத்துக்கு மார்க். அம்பையில் கம்பெனிக்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெரிய போர்டு இருந்ததும், உள்ளே ஒரு குழியும் இரண்டு ஜாக்கியும் தவிர ஒன்றும் இல்லாததும் ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. மார்க்குக்காகத் தோண்டிய குழி. 1964-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. குழி மட்டும் ரொம்ப நாள் இருந்தது, மழைக்காலத்தில் தவளை சத்தத்தோடு.

பிறகு எழுபதுகள். ஐம்பது பெர்மிட்டுக்குக் குறையாமல் வைத்திருந்த பெரிய முதலாளிகளின் வண்டிகளை எடுத்துக்கொள்ள 1971-இல் சட்டம் வந்தது. 1972-இல் பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. 1974 ஜனவரியில் பாண்டியனிலிருந்து பிரிந்து திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன். ஈரடுக்கு மேம்பாலம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புதுப் பாலத்தின் மேல் புதுக் கழகத்து வண்டிகள் போவதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்தார்களாம். நம் கம்பெனி சின்னது, அந்தச் சட்டத்தில் சிக்கவில்லை. ஆனால் 1973-இல் மற்ற பஸ்களையும் எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டார்கள். அது கோர்ட்டுக்குப் போய், உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது 1983-இல். பத்து வருஷம் தலைக்கு மேல் கத்தி தொங்கியது, அதனால் புது வண்டி வாங்கவில்லை, கம்பெனி நொடித்தது என்று முதலாளி குடும்பத்தில் சொல்கிறார்கள்.

எனக்கு இது முழுக்கச் சமாதானமாக இல்லை. அதே பத்து வருஷத்தில் அதே ரோட்டில் வேறு முதலாளிகள் புது வண்டி விட்டிருக்கிறார்கள். நொடித்ததற்குக் காரணம் நோட்டிலேயே இருக்கிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு வரவுப் பக்கம் ஒன்றாக இல்லை. பெரிய வீட்டு வண்டி, நடு வீட்டு வண்டி, சின்ன வீட்டு வண்டி என்று மூன்று பத்தி. பெர்மிட்டுகளை அண்ணன் தம்பிகள் பெயரில் பிரித்து வைத்தது முதலில் சட்டத்துக்குப் பயந்து செய்த ஏற்பாடு. பிறகு அந்த ஏற்பாடே பாகம் ஆகிவிட்டது. சின்ன வீட்டு வண்டிக்கு டயர் போனால் பெரிய வீட்டு ஸ்டோரிலிருந்து டயர் கிடையாது. பெரியப்பா யாருக்கு டைம் கீப்பர் என்பதே தகராறாகி, மூன்று வீட்டிலும் சம்பளம் பாக்கி.

நாகர்கோவில் ரூட்டில் ஒரு பெர்மிட் இருந்தது. அதுதான் தங்க முட்டை. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே 1981 வரை ரயிலே கிடையாது. நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு, ஆரல்வாய்மொழி என்று எல்லாரும் பஸ்ஸில்தான் போக வேண்டும். ரயில் வருகிறது என்று பேச்சு அடிபட்டதுமே நடு வீட்டுக்காரர் அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டார். குடும்பத்திலேயே வியாபாரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் இன்றைக்கும் அவரைத் திட்டுகிறார்கள்.

மற்றவை ஒவ்வொன்றாகக் கை மாறின. பெர்மிட்டைப் பெயர் மாற்றினால் டைமிங்கும் கூடவே போகும். ஆறு பத்தை முதலில் வாங்கியது ஒரு நெல் வியாபாரி, அவரிடமிருந்து ஒரு ரைஸ் மில்காரர், அவரிடமிருந்து இப்போது ஓட்டுகிறவர். பச்சை நீலமாகி, நீலம் இப்போது பூவும் மயிலுமாக ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளையாகியிருக்கிறது. ஜங்ஷனில் விசாரித்தபோது ஆறு பத்துக்குப் பாபநாசம் கிளம்புகிற பிரைவேட் வண்டியே இல்லை என்றார்கள். 2003-இல் வெளியூர் வண்டிகள் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. அங்கே போய்க் கேட்டேன். ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது. ஜங்ஷனைத் தொடும்போது ஆறு பத்து.

பெரியப்பாவிடம் சொன்னேன். “பாத்தியா” என்றார். அவ்வளவுதான்.

கம்பெனியின் பெர்மிட்டுகளில் ஒன்று டவுன் பஸ்ஸாகவும் இருந்தது, அம்பையிலிருந்து பாபநாசம். அதை இப்போது வைத்திருப்பவரையும் போய்ப் பார்த்தேன். ஒரே வண்டி முதலாளி. காலை நடைக்கு அவரே டிரைவர், தம்பி மகன் கண்டக்டர். 2020-இல் வண்டி மாசக்கணக்கில் நின்றதைக் கூடத் தாங்கிவிட்டாராம். 2021 மே மாதம் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதுதான் கணக்கையே மாற்றிவிட்டது என்றார். திட்டத்தை அவர் குறை சொல்லவில்லை. அவர் வீட்டு அம்மாவே அரசு பஸ்ஸில்தான் போகிறாராம்.

“எட்டு நாப்பது என் டைமிங். கவர்மெண்டு வண்டி எட்டு முப்பத்தஞ்சு. மில்லுக்குப் போற பொம்பளையாளு, பீடி இலை வாங்கப் போறவுக, பள்ளிக்கூடத்து டீச்சரு எல்லாம் அதுல ஏறிருதாவ. எனக்கு ஆம்பளையாளும் மூடையும்தான். அஞ்சு நிமிசம் முன்னால தாங்கன்னு மனு எழுதிக் குடுத்திருக்கேன்” என்றார்.

“கிடைக்குமா அண்ணாச்சி?”

“அவுக ஆட்சேபிப்பாவ. நான் வக்கீல் வைப்பேன்” என்று சொல்லிவிட்டு, மணியைப் பார்த்து, பேச்சைப் பாதியில் விட்டு வண்டியை எடுக்கப் போனார்.